வேலூர்ப் பக்கத்திலிருந்து கனடா பிஆர்: ஊரில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

என் ஊர் ஆற்காடு. படித்தது வேலூரில். வேலை பார்த்தது முதலில் ராணிப்பேட்டை சிப்காட்டில், பிறகு சென்னையில். 2020 தொடக்கத்தில், திறனுள்ள வேலையாட்களைப் பாயிண்ட் கணக்குப் போட்டு எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக அழைப்பு வந்தது. கொரோனா நடுவில் புகுந்து இழுத்தடிக்க, 2021இல்தான் குடும்பத்தோடு போய் இறங்கினோம். அன்றிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம், காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் பிஆர் பேச்சை எடுத்துவிடுகிறார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் உரிமம் வாங்கிய ஆலோசகன் இல்லை, இதற்குக் காசும் வாங்குவதில்லை. விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கிற அன்றைக்குக் கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

அண்ணா, பிஆர்னா இன்னாண்ணா? அந்த ஊர் சிட்டிசன் ஆயிடுவமா?

ஆக மாட்டீர்கள். செய்தித்தாள்கள் இதை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதி எல்லாரையும் குழப்பி வைத்திருக்கின்றன. பிஆர் என்பது அங்கே நிரந்தரமாக வசிக்கவும், வேலை செய்யவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் கிடைக்கிற உரிமை, அவ்வளவுதான். உங்கள் பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்டாகவே இருக்கும். அங்கே ஓட்டுப் போட முடியாது. ஐந்து ஆண்டில் குறைந்தது 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிஆர் கையை விட்டுப் போகலாம். ஐந்து ஆண்டில் 1095 நாள் இருந்துவிட்டால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஏனென்றால் நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதன் பிறகு ஓசிஐ அட்டையிலோ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்திய அரசு தருவது) விசாவிலோதான் ஊருக்கு வந்து போக வேண்டும்.

எனக்குத் தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு சல்லடை. முதல் சல்லடையில் 100க்கு 67 வாங்க வேண்டும். மொழி, படிப்பு, அனுபவம், வயது போன்றவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கு அது. கடந்த பத்து ஆண்டுக்குள் ஓராண்டாவது இடைவிடாமல் திறன் சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும். இதில் தேறியவர்கள் ஒரு பொதுக் குளத்தில் போய் விழுகிறார்கள். அங்கேதான் இரண்டாவது சல்லடை: சிஆர்எஸ் எனப்படும் தரவரிசை, மொத்தம் 1200. மேலே இருப்பவர்களை அவ்வப்போது சுற்றுச் சுற்றாக அள்ளி அழைப்பு அனுப்புவார்கள்.

வயது இதில் ஈவு இரக்கமில்லாமல் வேலை செய்யும். துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 பாயிண்ட். 35இல் 77, 40இல் 50, 45இல் பூஜ்யம். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பவர்களிடம் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. நம் பக்கத்தில் கேட்காமலேயே கணவன் பெயரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டுவிடுகிறார்கள். மனைவி நர்ஸாக இருந்து, வயதிலும் நாலு வருஷம் சின்னவராக இருந்தால், அவர் பெயரில் போட்டால் மதிப்பெண் கணிசமாக ஏறலாம். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குப் போடும் கருவி அரசுத் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது.

உங்களுக்கு எவ்வளவில் கிடைத்தது? இப்போது எவ்வளவு வேண்டும்?

2020 தொடக்கத்தில் கட்-ஆஃப் 470 பக்கம் நின்றது. அந்த எண்ணை இன்றைக்கு நம்பாதீர்கள். 2025இல் கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளே 515க்குக் கீழே இறங்கவில்லை. மொத்தமாக எடுக்கிற ஆட்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டார்கள்: 2025க்கு 3,95,000, 2026க்கு 3,80,000. முன்பு கனடா முதலாளி தரும் வேலைவாய்ப்புக் கடிதத்துக்குக் கூடுதல் பாயிண்ட் இருந்தது. 2025 மார்ச் 25 முதல் அதுவும் இல்லை. ‘ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன், அம்பது பாயிண்ட் ஏறும்’ என்று இன்னும் யாராவது சொன்னால், பழைய கதையைப் புது விலைக்கு விற்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் கதவு சாத்தியாகிவிட்டதா? முழுக்க இல்லை. 2023 முதல் துறைவாரியாகத் தனிச் சுற்று நடத்துகிறார்கள். சுகாதாரத் துறைக்கு 2025 பிற்பாதியில் 470ஐ ஒட்டியே அழைத்தார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 400க்கும் கீழே போனதுண்டு. ஒரு மாகாணம் உங்களைப் பரிந்துரைத்தால் 600 பாயிண்ட் சேரும். அது கிடைத்துவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் தேவையே இல்லை.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

முதலில், அகாடமிக் எழுதாதீர்கள். கனடா பிஆருக்கு ஜெனரல் டிரெய்னிங். தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மாற்றி எழுதி வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். நுழைய லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நான்கிலும் 6 போதும், ஆனால் நுழைந்தால் மட்டும் ஆகாது. லிசனிங்கில் 8, மற்ற மூன்றில் 7 எடுத்தால்தான் படிப்போடும் அனுபவத்தோடும் சேர்த்துத் தருகிற கூடுதல் பாயிண்ட் முழுசாக வரும். நம்மவர்கள் பெரும்பாலும் ரைட்டிங்கில் 6.5இல் மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டினேன், மூன்றாவது முறைதான் தாண்டினேன். பிடிஇ கோர் தேர்வையும் இப்போது ஏற்கிறார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும்.

பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிகிரியில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. பரவாயில்லையா?

பாயிண்ட் இல்லாமல் நின்றவர்களை விட, பெயரால் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அந்த நாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் உண்டு, இனிஷியலுக்கு இடம் கிடையாது. ஒருவர் பெயர் முருகன், அப்பா பெயர் சுப்பிரமணி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘முருகன் எஸ்’. டிகிரியில் ‘எஸ் முருகன்’. ஆதாரில் ‘முருகன் சுப்பிரமணி’. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவர் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டு, ‘கிவன் நேம்’ கட்டத்தில் இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார். பான் கார்டில் அப்பா பெயருக்குப் பின்னால் ஒரு ‘யம்’ வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆள் ஒருவர்தான். ஆனால் கோப்பைப் பார்க்கிறவர் கண்ணுக்கு நாலு பேர்.

எல்லாவற்றுக்கும் தலை பாஸ்போர்ட். அதில் உள்ளது போலத்தான் கனடா படிவத்தில் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால், அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விடச் சொல்வார்கள். அப்படி விட்டால் பின்னால் வங்கி, லைசென்ஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் தொல்லை. ஆகவே ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சர்நேம் காலியாக இருந்தால், மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அப்பா பெயரை விரித்து அங்கே ஏற்றிவிடுங்கள். பிறகு அதே பாஸ்போர்ட்டை வைத்துத் தேர்வு, அதே பெயரில் படிப்பு மதிப்பீடு (நம் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் அறிக்கை) என்று ஒரே கோடாகப் போங்கள்.

பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, ‘இந்த இரண்டு பெயருக்கும் உரியவன் நான் ஒருவனே’ என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டு இணைத்தால் பெரும்பாலும் போதும். வித்தியாசம் எழுத்துப் பிழை அளவில் இல்லாமல் பெயரே வேறு என்றால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுத்தான் ஆக வேண்டும். எழுதுபொருள் அச்சுத் துறைதான் அதைச் செய்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டுக்கொண்ட பெண்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. கல்லூரிச் சான்றிதழ் பழைய இனிஷியலில், ஆதார் புது இனிஷியலில். மாற்றாமல் விட்டவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டால் அங்கே எல்லோரும் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். வங்கியில் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறப்புச் சான்றில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கிறது. ஆதாரில் ராணிப்பேட்டை. ஏற்பார்களா?

ஏற்பார்கள், நீங்கள் விளக்கினால். எங்கள் வீடு கட்டிய இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் நான் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை பிரிந்ததும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். பிறப்புச் சான்று ஒன்று, பள்ளிச் சான்று ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று, ஆதார் ஒன்று என்று நாலு பெயரும் என் கோப்பில் இருந்தன. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கும் இதே கதைதான், கடைசியில் திருப்பத்தூர் என்று முடியும். அரக்கோணம், சோளிங்கர், வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. குடியாத்தம், காட்பாடி, பேரணாம்பட்டு போன்றவை வேலூரிலேயே தங்கிவிட்டன.

கனடாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது எதுவும் தெரியாது. முகவரி வரலாற்றில் அவர் பார்ப்பது, பத்து ஆண்டில் மாவட்டம் மாறிய ஒருவரை. நான் செய்தது இதுதான்: ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம். எந்த ஆண்டில் எந்த மாவட்டம், ஊரும் தெருவும் பின்கோடும் மாறவில்லை என்று வரிசையாக எழுதி, புது மாவட்டம் உருவான அரசாணையின் நகலையும் சேர்த்தேன். படிவம் முழுக்க இப்போதைய மாவட்டப் பெயரையே எழுதினேன். பிறந்த இடத்துக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘ஆற்காடு’. திருப்பி ஒரு கேள்விகூட வரவில்லை.

கோட்டை விட்டது வேறிடத்தில். போலீஸ் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது கை பழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று அடித்துவிட்டேன். மாவட்டம் பிரிந்து சில மாதமே ஆகியிருந்தது. முகவரி ஒரு மாவட்டம், காவல் நிலையம் இன்னொரு மாவட்டம் என்றாகி, திருத்தி மறுபடி போட வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான்.

பிறந்த தேதி விஷயமும் இதோடு சேர்ந்ததே. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்கு ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பள்ளித் தேதி, பிறப்புப் பதிவில் வேறு தேதி என்றால், எது உண்மை என்று முடிவு செய்து திருத்திய பிறகே எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கைத் திறங்கள். பிறப்பே பதிவாகவில்லை, ஓராண்டும் தாண்டிவிட்டது என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் முதல் வேலையாகச் செய்யச் சொல்கிறேன்.

தமிழில் இருக்கும் சான்றுகளை நானே மொழிபெயர்க்கலாமா?

கூடாது. நீங்களும் சரி, உங்கள் குடும்பத்தாரும் சரி, செய்தால் செல்லாது. வெளியாள் ஒருவர் மொழிபெயர்த்து, அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும். தமிழ் மூலத்தின் நகலும் கூடவே போக வேண்டும்.

படிப்பு மதிப்பீட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்பது?

டிகிரிச் சான்றில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அங்கே. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் ஊரில் கல்லூரி அங்கேயே இருக்கப் பல்கலைக்கழகம் மட்டும் மாறியிருக்கிறது. சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஊரிசுக் கல்லூரியில் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். விஐடி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கு முன் வேலூர் பொறியியல் கல்லூரியாக இருந்தபோது முடித்தவர்கள் சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் நர்சிங் முடித்தவர்களுக்கு எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி.

மதிப்பெண் விவரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். நீங்கள் ஸ்கேன் பண்ணி அனுப்பியதை வைத்து முடிக்க மாட்டார்கள். மூன்றாண்டுப் பட்டம் அங்கே நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக வரும் என்று உறுதியில்லை, ஆளுக்கு ஆள் மாறும். பாலிடெக்னிக் டிப்ளமோவும் கணக்கில் வரும், விட்டுவிடாதீர்கள். அறிக்கை ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

ஆம்பூரில் தோல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை. அது அனுபவமாக வருமா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. கனடா வேலைகளை டியர் 0 முதல் 5 வரை பிரிக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 0 முதல் 3 வரைதான் எடுபடும். தையல் மிஷினில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைப்பது அதற்குக் கீழே போய்விடும், எத்தனை கைத்திறன் இருந்தாலும். ஷிப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர், தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் கெமிஸ்ட், அக்கவுண்டன்ட் போன்றவர்களுக்கு வழி உண்டு. இதில் எனக்கு வருத்தம்தான். நாற்பது வருஷமாகத் தோலைத் தொட்டே தரம் சொல்கிற ஆட்கள் நம் பாலாற்றங்கரையில் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

தகுதியான வேலையாக இருந்தாலும் அடுத்த முட்டுக்கட்டை கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை என்று எல்லாம் இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சின்னக் கம்பெனிகள் ‘இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நல்லொழுக்கம் உள்ளவர்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதோடு சரி. நீங்களே என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொண்டு போய், மேனேஜரிடம் பக்குவமாகப் பேசி வாங்குங்கள். சம்பளம் கையில் வாங்கியிருந்தால் பிஎஃப் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், எதுவாவது துணைக்கு வேண்டும். எதுவுமே இல்லாத அனுபவத்தை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ். எங்களுக்குச் சுலபம் என்கிறார்களே?

பிஆர் வாங்குவது ஓரளவு சுலபம், அங்கே நர்ஸாக வேலை பார்ப்பது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. சுகாதாரத் துறைச் சுற்றில் அழைப்பு வர கனடா உரிமம் கட்டாயமில்லை. ஆனால் வார்டுக்குள் நர்ஸாகக் கால் வைக்க அந்தந்த மாகாணக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குத் தனிச் சரிபார்ப்பு, தனித் தேர்வு, தனிச் செலவு. சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலிலிருந்தும் உங்கள் பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் போக வேண்டும். இங்கே வேலையில் இருக்கும்போதே அதையும் சேர்த்துத் தொடங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் முறை தலைகீழ். அங்கே திறன் மதிப்பீடு முடித்த பிறகுதான் புள்ளிக் கணக்கே. நர்ஸ்களுக்கு அதைச் செய்வது ஆன்மாக் என்னும் அமைப்பு. ஜெர்மனிக்குப் போகிற பிள்ளைகளும் இப்போது அதிகம். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை வரை படித்தாக வேண்டும்.

பேங்கில் எவ்வளவு காட்ட வேண்டும்? நகை, நிலம் காட்டலாமா?

2025 ஜூலையில் அறிவித்தபடி தனியாளுக்கு 15,263 கனடா டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு 28,362 டாலர். ஆண்டுதோறும் மாறும். நகை, வீடு, நிலம் எதுவும் செல்லாது. உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும், கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் இன்றைய இருப்போடு ஆறு மாதச் சராசரியும், உங்கள் மேல் உள்ள கடன் பாக்கியும் இருக்கும்.

நம் ஆட்கள் தடுக்கி விழுவது இந்த ஆறு மாதத்தில்தான். சேமிப்புக் கணக்கில் பத்தாயிரம் கிடக்கும், திடீரென்று ஒரு நாள் பதினைந்து லட்சம் வந்து விழும். எங்கிருந்து என்றால் சீட்டு எடுத்தது, மாமனார் கொடுத்தது, கலவைப் பக்கம் நிலம் விற்றது. எதுவும் தப்பில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். பதிவுபெற்ற சிட் நிறுவனத்தில் எடுத்த சீட்டு என்றால் பாஸ்புக்கும் பட்டுவாடா ரசீதும் இருக்கும். தெருவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து போட்ட சீட்டுக்கு ஒன்றும் இருக்காது, ஆகவே அந்தப் பணத்தை ஆறேழு மாதம் முன்பே கணக்கில் போட்டு வையுங்கள். மாமனார் கொடுத்தால் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அன்பளிப்புக் கடிதமும் அவருடைய வங்கி விவரமும். நிலம் விற்றால் கிரயப் பத்திர நகல். நிலத்தைப் பத்திரத்தில் குறைத்துக் காட்டி, மீதியைக் கையில் வாங்கியிருந்தால் அந்த மீதியை அங்கே காட்டவே முடியாது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது.

அரசுக் கட்டணம் எவ்வளவு?

2024 ஏப்ரல் 30இல் ஏற்றியபோது பெரியவர் ஒருவருக்கு 1,525 கனடா டாலர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். கைரேகைக்கு ஒருவருக்கு 85, குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. தேர்வு, படிப்பு மதிப்பீடு, மருத்துவம், சென்னைக்குப் போய்வருகிற செலவு எல்லாம் தனி.

போலீஸ் சான்று, மெடிக்கல் எங்கே?

போலீஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, வேலூர் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே நேரம் வாங்கலாம். கட்டணம் 500 ரூபாய். கடந்த பத்து ஆண்டில் எந்த நாட்டிலாவது தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பாய்மார்கள் நிறைய. அங்கே இருக்கும்போதே அந்த ஊர்ச் சான்றை எப்படி வாங்குவது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு அலைச்சல் பல மடங்கு.

மெடிக்கலுக்குக் கனடா அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான் போக வேண்டும். பட்டியல் அரசுத் தளத்தில் இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் போனோம். ‘உலகமே சிஎம்சிக்கு வருது, நாம மெட்ராஸ் போறமே’ என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 2025 ஆகஸ்ட் 21 முதல், விண்ணப்பம் போடும் முன்பே மெடிக்கல் முடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் போட்டாயிற்று. ஆடி கழிந்ததும் கல்யாணம். சொல்ல வேண்டுமா?

உடனே சொல்ல வேண்டும். போய் இறங்குவதற்கு முன்னால் கல்யாணமோ குழந்தையோ எதுவானாலும் தெரிவித்தாக வேண்டும். சொல்லாமல் தனியாளாக இறங்கிவிட்டால், பின்னால் மனைவியை ஸ்பான்சர் செய்யும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24க்குப் பிறகு நடந்த எல்லாக் கல்யாணமும், எந்த மதமானாலும், பதிவு செய்யப்பட வேண்டும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகம் போய்விடுங்கள். பள்ளிவாசல் தஃப்தரில் எழுதியிருக்கிறது, கோயிலில் ரசீது இருக்கிறது என்று அதோடு நிற்காதீர்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

உங்கள் விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது. கணவன் அல்லது மனைவி, 22 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோருக்குச் சூப்பர் விசா இருக்கிறது. ஒரு முறை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு கட்டாயம். என் அம்மா அதில்தான் வந்தார். ஐந்தாவது மாதம் ‘பனியில உக்காந்து சுவத்த பாக்கறதுக்கு ஆற்காட்டுலயே இருக்கலாம்’ என்று கிளம்பிவிட்டார்.

ஏஜென்ட் வைக்கலாமா?

வைக்காமலே முடியும். வைத்தே தீர வேண்டும் என்றால், கனடா கோப்பில் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காகச் செயல்பட அங்கே உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ வழக்கறிஞருக்கோ மட்டும்தான் உரிமை. ஆலோசகர்கள் பெயர் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் இருக்கும். உரிம எண்ணைக் கேளுங்கள், நீங்களே தேடிப் பாருங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் சித்தப்பா மகன் ஒரு கன்சல்டன்சியில் எண்பதாயிரம் கட்டினான். பாயிண்ட் போதவில்லை என்று அவர்களே இல்லாத கம்பெனியில் இரண்டு வருஷ அனுபவக் கடிதம் தயார் செய்து ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு அது தெரியவந்ததே கனடாவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான். தவறான தகவல் தந்ததாகத் தீர்ப்பாகி ஐந்து ஆண்டுத் தடை. கையெழுத்து அவனுடையது, ஆகவே தடையும் அவனுக்கு. கன்சல்டன்சி போர்டு பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. யார் உங்களுக்காகப் போட்டாலும் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் வேறு வகை. அவர்களுக்கு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும், வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ‘வேலையும் பிஆரும் சேர்த்து எட்டு லட்சம்’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத கணக்கு.

கனடா வேண்டாம், ஆஸ்திரேலியா எப்படி?

அங்கே குறைந்தது 65 புள்ளி, அழைப்பு வரும்போது 45 வயது ஆகியிருக்கக் கூடாது. 25 முதல் 32 வயதுக்குத்தான் அதிகம், 30 புள்ளி. மாநிலம் பரிந்துரைத்தால் 5 கூடும். ஊர்ப்புறத்துக்குப் போகும் 491 விசாவுக்கு 15 கூடும், ஆனால் அது ஐந்தாண்டுத் தற்காலிக விசா, மூன்று ஆண்டு இருந்த பிறகே பிஆர் கேட்க முடியும். பெயர், மாவட்டம், அனுபவக் கடிதம் பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

மொத்தம் எவ்வளவு நாள் ஆகும்?

அழைப்பு வந்ததும் எல்லாவற்றையும் ஏற்ற 60 நாள். ஏற்றிய பிறகு ஆறு மாதம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதற்கு முன்னால் காகிதம் சேர்க்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. 60 நாளுக்குள் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக் கணக்குத் தொடங்காதீர்கள். டிரங்குப் பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, மாவட்டம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே ஒட்டவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

போய்விட்டால் இங்கே உள்ள நிலம், பேங்க் கணக்கு?

நிலம் உங்களுடையதாகவே இருக்கும். விவசாய நிலம் இனி புதிதாக வாங்க முடியாது, அப்பா வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். கிளம்பும் முன் பட்டா, வில்லங்கம் எல்லாம் சரி பார்த்துவிட்டுப் போங்கள். பங்காளித் தகராறை வாட்ஸ்அப்பில் தீர்க்க முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

நகை எடுத்துப் போனால் வரி போடுவார்களா?

முதல் முறை குடியேறும்போது உங்கள் சொந்த உபயோகப் பொருளுக்கு வரியில்லை, ஆனால் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். கையில் கொண்டுபோவது ஒன்று, பின்னால் வரப்போவது ஒன்று என இரண்டு பட்டியல். ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, எடை, கடையில் எழுதி வாங்கிய மதிப்பு. ரொக்கமோ அதற்கு ஈடானதோ 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சொல்லியாக வேண்டும். நாங்கள் மனைவியின் தாலிச் செயினிலிருந்து பிள்ளையின் வெள்ளி அரைஞாண் வரை வரிசையாக எழுதிக் கொண்டுபோனோம். அதிகாரி பட்டியலை மேலோட்டமாகப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, பெட்டியில் இருந்த ஆவக்காய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று அதைப் பற்றித்தான் கேட்டார்.